முதலில் பிரிவு, அப்புறம்தான் கார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காரை ரேஸ் காராக மாற்றும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. ஆனால் அதில் சொல்லியிருந்த வரிசை தலைகீழ். போட்டியில் எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கார். முதலில் கார் வாங்குவதாம், அப்புறம் சைலன்சர், ஏர் ஃபில்டர், வெட்டித் தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய அலாய் வீல், ஸ்டிக்கர், இதெல்லாம் முடிந்த பிறகு "ஆட்டோகிராஸ் போன்ற ஏதாவது ஒரு போட்டியில்" கலந்துகொள்வதாம். இதைப் படித்துவிட்டு எந்தப் பையன் இந்த வாரமே அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு பட்டறை வாசலில் போய் நிற்கப்போகிறானோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், வெட்டிப் போடுவது உங்கள் இஷ்டம்.

ஆட்டோகிராஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: திறந்த திடலிலோ பெரிய பார்க்கிங் இடத்திலோ மண்தரையிலோ கோன் என்கிற பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு தடம் போடுவார்கள். தடத்தில் ஒரு நேரத்தில் ஒரே கார்தான். பக்கத்தில் இடிக்க ஆளில்லை, போட்டி முழுக்கக் கடிகாரத்தோடு. கோனைத் தட்டினால் நேரத்தில் சில விநாடி கூட்டுவார்கள், தடம் தவறிப் போனால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. பாதிக்கு மேல் இரண்டாவது கியரிலேயே ஓடும். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருவில் ஃபார்முலா 4 கார்களை இரவில் ஓடவிட்டார்களே, அதைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தக் காரில் உட்கார ஆகும் செலவு நம் வீடுகளில் நடக்காத காரியம். வீட்டில் நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு சட்டப்படி, பாதுகாப்பாக, குறைந்த காசில் ஓட்டிப்பார்க்க இருப்பது ஆட்டோகிராஸ்தான். அதனால்தான் அதைப் பற்றித் தப்பாக எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கபடியில் எடைப் பிரிவு இருக்கிற மாதிரி ஆட்டோகிராஸிலும் பிரிவு உண்டு. நம் நாட்டில் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் பொது விதிகள் ஒருபுறம், ஒவ்வொரு போட்டிக்கும் அதை நடத்தும் கிளப் வெளியிடும் துணை விதிகள் இன்னொருபுறம். பிரிவு முதலில் எஞ்சினின் சிசியை வைத்து, அப்புறம் வண்டியில் என்ன மாற்றியிருக்கிறாய் என்பதை வைத்து. சிசிக் கோடுகள் பெரும்பாலும் 1100, 1400, 1600 பக்கத்தில் விழும், ஆனால் போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் துணை விதியைப் படிக்காமல் யார் சொல்வதையும், நான் சொல்வதையும் சேர்த்துத்தான், நம்ப வேண்டாம்.

இந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு நம் செகண்ட் ஹேண்ட் சந்தையைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். நாலு மீட்டருக்குள் நீளமும் 1200க்குள் சிசியும் இருந்தால் பெட்ரோல் காருக்கு வரி குறைவு என்று 2006 வாக்கில் அரசு சொன்னதால், அதற்குப் பிறகு வந்த சின்னக் கார்கள் பலவும் 1197, 1198, 1199 என்று வந்து நின்றுவிட்டன. பின்னால் வந்த ஸ்விஃப்ட் 1197, ஐ20 1197, பிரியோ 1198. வரிக்காக அளவெடுத்த எஞ்சின்கள் இவை, பந்தயக் கோட்டுக்காக அளவெடுத்தவை இல்லை. 1101 முதல் 1400 வரை ஒரு பிரிவு என்றால் இவையெல்லாம் அதன் கீழ்ப்பாதியில் மாட்டிக்கொள்ளும். அதே பிரிவில் பக்கத்திலேயே பழைய மாருதி எஸ்டீம் நிற்கும், 1298 சிசி, எடையும் குறைவான வண்டி. 2005ல் வந்த முதல் ஸ்விஃப்டும் 1298தான். வாங்கப்போகிறவனுக்கு இரண்டு ஸ்விஃப்டும் ஒன்றாகத்தான் தெரியும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு காரைத் தேடுவது வேறு, மச்சான் விற்கிறான் என்று வாங்கிவிட்டு அப்புறம் பிரிவைத் தேடுவது வேறு.

சிசி மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய ஹோண்டா சிட்டியின் 1.5 விடெக் 1493 சிசிதான், பழைய பலேனோ 1590. ஒரே பிரிவில் நின்றால் சிசியில் சிட்டி சின்னது, ஆனால் அதில் 106 குதிரைத்திறன், பலேனோவில் அவ்வளவு கிடையாது. ஓடி முடித்த வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் போய் ஒருநாள் சும்மா சுற்றிப் பாருங்கள், எந்தப் பிரிவில் எந்த வண்டி ஜெயிக்கிறது என்பது காசில்லாமல் கிடைக்கும் பாடம்.

டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் டர்போ பெட்ரோல் எஞ்சினின் சிசியை 1.7 ஆல் பெருக்கித்தான் பிரிவு பார்ப்பார்கள், டர்போ டீசலுக்கு 1.5. டர்போ பெட்ரோல் வண்டியான போலோ ஜிடி டிஎஸ்ஐயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் 1197, பெருக்கிப் பார்த்தால் 2035. சின்னக் கார் என்று நினைத்து வந்தவன் இரண்டு லிட்டருக்கு மேலே போய் நிற்பான். ஸ்விஃப்ட் டீசல் 1248, கணக்குப்படி 1872, அதற்கு மேல் மூக்கில் கனமான எஞ்சின், திருப்பத்தில் நேராக ஓடிக்கொண்டே போகும். நீங்கள் போகிற போட்டியில் இந்தப் பெருக்கல் உண்டா, எந்த எண் என்று எண்ட்ரி (கலந்துகொள்ளும் பதிவு) கட்டும் முன்பே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கட்டுரை புகழ்ந்த மாற்றங்கள். கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றி கோன் ஃபில்டர் போட்டால் மெக்கானிக் வாங்குவது என்னமோ சில ஆயிரம்தான். ஆனால் பல போட்டிகளில் அந்த ஒரு ஃபில்டரே உங்களை ஸ்டாக் பிரிவிலிருந்து, அதாவது கம்பெனி கொடுத்தபடியே இருக்கிற வண்டிகளின் பிரிவிலிருந்து, தூக்கி மாடிஃபைடு பிரிவிலோ ஓப்பனிலோ போட்டுவிடும். அங்கே யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? உள்ளே சீட்டெல்லாம் கழற்றி ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு) அடித்து, கேம் ஷாஃப்ட் மாற்றி, கியர்பாக்ஸில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் சாமான்) போட்டு வருகிறவர்கள். ஃபில்டரால் உங்களுக்குக் கிடைத்தது உறிஞ்சும் சத்தம், எதிரில் நிற்பவருக்கு எத்தனையோ வருட அனுபவமும் இலேசான வண்டியும். எத்தனை பிள்ளைகள் இப்படி முதல் போட்டியிலேயே கடைசி இடத்தில் முடித்து, "இதெல்லாம் காசு உள்ளவன் விளையாட்டு" என்று சொல்லிவிட்டு அதோடு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

சட்டமும் இருக்கிறது, கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. ஞாயிறு போட்டிக்குப் போய்விட்டுத் திங்கள் காலை அதே வண்டியில் வேலைக்குப் போகிறவனுக்கு ஸ்டாக் பிரிவு என்பது செலவு குறைவு மட்டுமில்லை, அவினாசி ரோட்டில் போலீஸ்காரர் கை காட்டினால் நெஞ்சு படபடக்காமல் நிற்கலாம். கூட இன்னொன்று: உங்கள் காப்பீட்டுப் பாலிசியை எடுத்து வண்டி எதற்கெல்லாம் பயன்படலாம் என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இதற்கெல்லாம் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். கோனைத் தாண்டிப்போய் வேலியில் இடித்தால் செலவு முழுக்க நம்முடையது. எவ்வளவு வரை போனால் தாங்குவோம் என்று பார்த்துத்தான் காரையே வாங்க வேண்டும். இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டியைக் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து.

என்ன கார் வாங்கலாம் என்று கேட்டால், பிரிவுக்குப் பொருந்துகிற, ஸ்பேர் மலிவாகக் கிடைக்கிற, இடிபடாத வண்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, எஞ்சினைச் சரி செய்யலாம், கோணிப்போன பாடியைச் சரி செய்ய முடியாது. பானெட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காருகிற இடத்தைப் பாருங்கள், கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டமாக ஒழுங்காக இருக்கிறதா, இல்லை டிங்கரிங் பார்த்துப் புட்டி அடித்துப் பெயிண்ட் போட்டிருக்கிறதா. சக்கரத்தைக் கீழே பாடியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் பொருந்தும் இடத்தில் துருவோ விரிசலோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள், டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சென்னைப் பதிவு வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்கு வந்துவிட்டன. சீட்டைப் பாலிஷ் போடுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தில் இருக்கும் சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்பதும் முக்கியம், அது இல்லாமல் போட்டித் திடல்வரை ஓட்டிப்போவதே தப்பு.

வண்டி கிடைத்ததும் பவர் கூட்டுகிற வேலை வேண்டாம். முதலில் நிற்கட்டும், அப்புறம் திரும்பட்டும், ஓடுவது கடைசி. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பழைய ஓனருக்கே தெரியாது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதில் அந்த எல்லை 155க்கு வந்துவிடும். ஓட்டத்துக்கு மேல் ஓட்டமாக பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். ஒரு டின் ஆயிலும் அரைநாள் வேலையும் போதும், கோன் ஃபில்டர் விலையில் பாதி ஆகாது. பின் டிரம் ஷூவை அட்ஜஸ்ட் செய்து ஹேண்ட் பிரேக் கேபிளையும் சரிபாருங்கள், இறுக்கமான யூ திருப்பத்தில் முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு அதுதான் துணை. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், எஞ்சின் மவுண்ட், வீல் பேரிங் எல்லாம் கம்பெனி சாமானாகவே புதிதாகப் போடலாம், ஸ்டாக் பிரிவில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றினாலே வண்டி புதிதாகப் பிறந்த மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கை வெட்டச் சொல்கிற மெக்கானிக்கிடம் மட்டும் போக வேண்டாம்.

டயருக்கு வருவோம், காசு போட வேண்டிய இடம் இதுதான். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தால் பிடிக்காது. அகலத்தைக் கூட்ட ஆசைப்படும் முன்பு, அதே மாடலின் மேல் வேரியன்டில் கம்பெனியே எந்த அளவு போட்டது, அதைப் பிரிவு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதுவே போதும். காற்று விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், ஓட்டம் முடிந்து வந்து பாருங்கள், கோடு ஓரம் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, கொஞ்சம் காற்று ஏற்றுங்கள். மூக்கு திரும்பாமல் வெளியே ஓடினால் பின் டயரில் சற்று ஏற்றிப் பாருங்கள். வீல் அலைன்மென்ட்டில் முன் டோவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து பார்க்கும் கோணம்) நேராக்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரே தடவையில் ஒரு மாற்றம்தான், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

யூடியூபைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர்கள் பாதி நேரம் பேசுவது மாஸ்டா மியாட்டாவைப் பற்றி, அது பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. அதற்கு முன்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடச் சொல்வார்கள். அதை அப்படியே நம் ஸ்விஃப்டில் போட்டால் ஏற்கெனவே திரும்பாத மூக்கு இன்னும் திரும்பாது. முன்சக்கர வண்டிக்கு விறைப்பு பின்னால் வேண்டும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. அங்கே ஆட்டோகிராஸ் நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பின் ஸ்ட்ரீட் பிரிவில் என்னென்ன மாற்றலாம் என்று பட்டியலே இருக்கும், ஷாக் அப்சார்பர் மாற்றலாம், ஒரு பக்கத்து ஆன்ட்டி ரோல் பார் மாற்றலாம், டயரின் ட்ரெட்வேர் எண் (ரப்பர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டுவது) 200க்குக் குறையக் கூடாது என்கிற அளவுக்கு. பட்டியலில் எழுதாதது எதையும் மாற்றக் கூடாது. இவ்வளவு தெளிவாக இருப்பதால் ஒருவன் வண்டி வாங்கும்போதே எந்தப் பிரிவு, என்ன செலவு என்று கணக்குப் போட்டுவிட முடிகிறது.

மண்தரைப் போட்டி என்றால் கதை கொஞ்சம் மாறும். எஞ்சினுக்கு அடியில் போடும் காப்புத் தகடான சம்ப் கார்டு இல்லாமல் போகவே கூடாது, ஒரு கல் போதும் ஆயில் சம்ப்பை உடைக்க. அது ஸ்டாக் பிரிவில் அனுமதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்புச் சாமான் என்பதால் பெரும்பாலும் விடுவார்கள்.

போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளில் பாதி சில்லறை விஷயத்துக்குத்தான் திரும்புகின்றன. கயிறு போட்டுக் கட்டிய பேட்டரி, ஆக்ஸிலரேட்டரை விட்டால் உடனே திரும்பி வராத கேபிள், ஒரு நட் குறைந்த வீல், இழுவைக் கொக்கி இல்லாத பம்பர். ஸ்டெப்னி, ஜாக்கி, மேட் எல்லாவற்றையும் முதல்நாளே எடுத்து வீட்டில் வையுங்கள். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார்கூட கோன்களுக்கு நடுவே நெளிந்து போகிற முதல் ஸ்லாலத்திலேயே காலடிக்கு வந்துவிடுவார், தண்ணி பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டால் அவரும் காப்பாற்ற முடியாது. செருப்போடு விட மாட்டார்கள், ஷூ வேண்டும், ஹெல்மெட் எந்தத் தரத்தில் வேண்டும் என்பது விதியிலேயே இருக்கும். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோடுவரை இருக்கட்டும், நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். பெட்ரோலும் அப்படியே, எடை குறைக்கிறேன் என்று ரிசர்வில் ஓட்டினால் திருப்பத்தில் பம்ப்புக்கு எட்டாமல் வண்டி தடுமாறும்.

கோவைக்காரன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் கார் பந்தய வீரர் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அந்த 796 சிசி எஞ்சினில் ஓட்டிப் பழகியவர்கள் எங்கெங்கோ போனார்கள். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தார், செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. குறைந்த பவரில் ஓட்டக் கற்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் பத்திரிகை இந்தக் கதையை எழுதலாமே, ஸ்டிக்கர் ஒட்டிய காரின் படத்துக்குப் பதிலாக.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது உங்களுக்கும் போட்டி நடத்தும் கிளப்களுக்கும். விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. வண்டியில் கை வைப்பவர் சிங்காநல்லூரிலோ உக்கடத்திலோ ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், அவர் படிப்பது உங்கள் பத்திரிகை. ஓனர் கேட்டான் என்று நல்ல மனதோடு ஒரு சாமானை மாற்றிக்கொடுக்கிறார், அதனால் பிரிவு மாறும் என்பது அவருக்கும் தெரியாது, ஓனருக்கும் போட்டி அன்று காலையில்தான் தெரியும். ஸ்டாக் பிரிவில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, எந்த ஹெல்மெட், எந்த டயர், இவ்வளவுதான், இரண்டு பக்கம் வராது. எண்ட்ரி தொடங்கும் முன்பே கிளப்கள் இதைத் தமிழில் அச்சடித்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஒட்டட்டும். உங்கள் ஞாயிறு இணைப்பிலும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் நான் சும்மாவே செய்து தருகிறேன், கிளப் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.